செய்வதா, வாங்குவதா? – டிஃப்ராக் என்ற கம்ப்யூட்டரின் கதை

பி.காம் படிக்கிறவனுக்கு டேலியைத் தாண்டி கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும், இவன் எதற்கு இதையெல்லாம் எழுதுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான் :) ஆனால் இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் இருந்துதான். கொஞ்சம் நீளமான கட்டுரை. பொறுமையாகப் படியுங்கள்.

சுவாமிமலையில் எங்கள் தெருவிலேயே எனக்கு ஒரு பள்ளிக்கூட நண்பன் இருக்கிறான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவன். பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது, "மாடிக்கு வாடா, ஒண்ணு காட்டுறேன்" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் மேஜை முழுக்க ஒயர். நடுவில் வெள்ளை நிற பிரெட்போர்டுகள், அவற்றில் கரப்பான்பூச்சி மாதிரி கறுப்பு ஐ.சி-க்கள். "கம்ப்யூட்டர் செய்றேன்" என்றான்.

கம்ப்யூட்டர் செய்கிறேன் என்று பலரும் சொல்வார்கள். கடையில் மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் எல்லாம் வாங்கி டப்பாவுக்குள் மாட்டுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். இவன் செய்வது அது இல்லை. 1976-ல் வெளிவந்த இசட்80 என்ற பிராசஸர் சிப்பை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடிப் பிடித்து வாங்கி, அதைச் சுற்றி ஒவ்வொரு ஒயராகத் தானே இழுத்து, 1980-களில் வெளிநாட்டு வீடுகளில் டி.வி-யோடு இணைத்து வைத்திருந்தார்களே, அந்த மாதிரி ஒரு மெஷினை முதலில் இருந்து உருவாக்குகிறான். சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற புகழ்பெற்ற வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததும் இதே இசட்80-தான். அது வந்த வருடம் 1982. இந்த சிப்பை உருவாக்கிய ஸைலாக் நிறுவனம், இதன் மூல வடிவத்துக்கு இனி ஆர்டர் எடுப்பதில்லை என்று 2024-ல்தான் அறிவித்தது. கிட்டத்தட்ட 48 வருட ஓட்டம்!

எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். அவன் சொன்னது எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும். இசட்80-க்கு 40 கால்கள். அதில் 16 கால்கள் "எத்தனையாவது அறையைத் திறக்க வேண்டும்" என்று மெமரிக்குச் சொல்லும். 8 கால்கள் அந்த அறையில் இருக்கிற சரக்கை உள்ளே வெளியே கொண்டு போகும். ஒரு கால் கடிகாரத் துடிப்பு வாங்கும். 16 கால்கள் என்பதால் 2-ஐ 16 தடவை பெருக்கி 65,536 அறைகள். அவ்வளவுதான் அதன் மொத்த உலகம்.

மெமரி எதையும் மாட்டுவதற்கு முன்னால் அவன் ஒரு சோதனை செய்து காட்டினான். அந்த 8 சரக்குக் கால்களையும் பூஜ்யத்தில் கட்டிவிட்டான். இசட்80-ன் மொழியில் பூஜ்யம் என்றால் "ஒன்றும் செய்யாதே, அடுத்ததுக்குப் போ" என்று அர்த்தமாம். 16 முகவரிக் கால்களிலும் சிவப்பு எல்.இ.டி. கடிகாரத்தை மெதுவாக ஓடவிட்டான். அது ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லை, அடுத்து, ஒன்றும் இல்லை, அடுத்து என்று போக ஆரம்பித்தது. வரிசையாக விளக்குகள் எண்ணிக்கொண்டே போயின. ஒன்றுமே செய்யாத ஒரு கம்ப்யூட்டரை அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவங்க அம்மா டீ கொண்டு வந்து வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, இதுல யூடியூப் வருமா?"

வராது. வரவே வராது. மூன்று மாதம் கழித்து பேசிக் மொழி ஓடியது, ஊர்ப்பெயரை எழுதச் சொன்னால் எழுதியது. அவ்வளவுதான். அதற்குள் ஒரு இசட்80-ஐத் தலைகீழாகச் செருகி கருக்கியிருந்தான். மொத்தச் செலவு 3,150 ரூபாய். இந்தக் காசுக்கு ஒரு பழைய செல்போன் வாங்கினால் இதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகம். என் காமர்ஸ் மூளை சும்மா இருக்குமா? "இதுக்கு உன் உழைப்பையும் கணக்குல சேர்த்தா பெரிய நஷ்டம்டா" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. சொல்லியிருக்கக் கூடாது என்று பஸ் ஏறின பிறகுதான் தோன்றியது.

பாடப்புத்தகம் என்ன சொல்கிறது?

காஸ்ட் அக்கவுண்டிங்கில் "செய்வதா, வாங்குவதா" என்று ஒரு கணக்கு வரும். ஒரு பாகத்தை நம் தொழிற்சாலையிலேயே செய்தால் கூடுதலாக எவ்வளவு செலவு, வெளியில் வாங்கினால் என்ன விலை, எது குறைவோ அதைத் தேர்ந்தெடு. ஐந்து மார்க். அந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் நண்பனின் முகம்தான் வந்து நின்றது. அப்போதுதான் ஒரு யோசனை. நம் நாட்டில் கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் இந்தக் கேள்வி யாருக்காவது வந்திருக்குமே? வந்தபோது என்ன செய்தார்கள்?

தேடினேன். அப்போது இரண்டு வழியிலும் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகம். அங்கே சமரேந்திர குமார் மித்ரா என்பவர் 1953-ல், 10 மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்கும் அனலாக் கம்ப்யூட்டர் ஒன்றை வடிவமைத்தார். நாம் இன்று சொல்லும் டிஜிட்டல் கம்ப்யூட்டர் இல்லை. மின்னழுத்தத்தை அளந்து விடை சொல்லும் வகை. ஆனாலும் இங்கேயே செய்தது. அதே கழகம் அடுத்து வாங்கும் வழியில் போனது. இங்கிலாந்தில் இருந்து எச்.ஈ.சி-2எம் என்ற மெஷின் 1955-ல் கப்பலில் வந்து இறங்கியது. இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அது. பிறகு சோவியத் யூனியனில் இருந்து யூரால் வந்தது.

பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம். ஹோமி பாபா 1945-ல் தொடங்கியது. இவர்கள் செய்வது என்று முடிவெடுத்தார்கள். இனி நாம் பார்க்கப் போவது இவர்களைத்தான்.

மெட்ராஸ்காரர் ஒருவர்

இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஆர். நரசிம்மன். 1926-ல் மெட்ராஸில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கால்டெக்கிலும் இண்டியானா பல்கலைக்கழகத்திலும் மேற்படிப்பு முடித்து, 1954-ல் பம்பாய்க் கழகத்தில் சேர்ந்தார். அவருக்கு 28 வயது. கூட வேலை செய்தவர்களும் இளைஞர்கள். அப்போது இந்தியாவில் எந்தக் கல்லூரியிலும் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று ஒரு டிபார்ட்மெண்ட் கிடையாது. சந்தேகம் வந்தால் பக்கத்து ஊருக்குப் போய்க் கேட்கவும் ஆள் இல்லை.

அவர்கள் நேராகப் பெரிய மெஷினில் கை வைக்கவில்லை. முதலில் சிறியதாக ஒரு மாதிரி மெஷின் செய்தார்கள். 1955-ன் கடைசியில் ஆரம்பித்து 1956-ன் கடைசியில் முடித்தார்கள். அது ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் 1957-ல் முழு மெஷினுக்குப் போனார்கள். 1959-ல் பாகங்கள் எல்லாம் பூட்டி முடிந்தன. 1960 பிப்ரவரியில் முழு வேலைக்கு வந்தது. டிஃப்ராக் என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் வைத்தது 1962-ல், பிரதமர் நேரு.

இதைப் படித்தபோது எங்கள் ஊர்ப் பட்டறைதான் ஞாபகம் வந்தது. சுவாமிமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முருகன் கோயில். எங்களுக்குக் கூடவே சிலைப் பட்டறை. ஐம்பொன் சிலை செய்யும்போது யாரும் நேராக உலோகத்தில் கை வைப்பதில்லை. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சி, முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள். தப்பு எல்லாம் மெழுகிலேயே நடந்து மெழுகிலேயே திருத்தப்படும். பிறகு அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மேலும் மேலும் பூசி, கம்பி கட்டி, சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பம்பாயில் செய்த அந்தச் சிறிய மாதிரி மெஷின்தான் அவர்களுடைய மெழுகு.

உள்ளே என்ன இருந்தது?

டிஃப்ராக்கில் சுமார் 2,700 வால்வுகள் இருந்தன. தாத்தா காலத்து ரேடியோவில் சிவப்பாகக் கனியுமே, அதே வால்வுதான். 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள். இவ்வளவையும் வைத்த இரும்பு ரேக் 18 அடி நீளம், 8 அடி உயரம், இரண்டரை அடி அகலம். எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்தால் நாங்கள் திண்ணையில்தான் படுக்க வேண்டும்.

அது கையாண்ட ஒவ்வொரு எண்ணுக்கும் 40 பிட் இடம். அதாவது 40 இடங்களில் 0 அல்லது 1. அதில் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி வரை எண்ணலாம். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் வான் நியூமான் குழு செய்த மெஷினிலும் இதே 40 பிட்தான்.

மெமரியில் 2,048 எண்கள் வைக்கலாம். ஒவ்வொன்றும் 40 பிட் என்றால் மொத்தம் 81,920 பிட். இன்றைய கணக்கில் 10 கிலோபைட். இப்போது நாம் அனுப்பும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதில் அடங்காது. என் நண்பன் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய மெமரி சிப் 32 கிலோபைட், அதாவது அதைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

ஆனால் அந்த 10 கிலோபைட் எப்படி இருந்தது தெரியுமா? ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு குட்டி ஃபெரைட் வளையம். பாசிமணி போல இருக்கும். காந்தம் அதில் வலமாகச் சுற்றினால் 1, இடமாகச் சுற்றினால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையங்களை வரிசையாக அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாக ஒயர் கோத்திருப்பார்கள். சினிமா தியேட்டர் சீட் மாதிரிதான். எந்த வரிசை, எத்தனையாவது சீட் என்று சொன்னால் ஒரே ஒரு வளையம்தான் மாட்டும். வரிசை ஒயரில் பாதி மின்சாரம், குறுக்கு ஒயரில் பாதி மின்சாரம். இரண்டும் சந்திக்கிற வளையத்தில் மட்டும் முழுசாகச் சேர்ந்து காந்தம் திரும்பும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று படித்தாலே அது அழிந்துவிடும். படித்த உடனே மறுபடி எழுதி வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் இந்த ஃபெரைட் மெமரி மிகப் புதிய விஷயம். கழகத்தார் அதைத் துணிந்து தேர்ந்தெடுத்தார்கள். விடைகளை எழுத்தாகவும் வரைபடமாகவும் காட்டுவதற்கு ஒரு பிக்சர் டியூப் திரையும் வைத்தார்கள்.

புரோகிராம் எழுதுவது? 0, 1 தான். ஜாவாவும் கிடையாது, பேசிக்கும் கிடையாது.

பிறக்கும்போதே பழசு

இப்போது நஷ்டக் கணக்கைப் பார்ப்போம். மறைக்காமல் சொல்ல வேண்டும் இல்லையா?

டிஃப்ராக்கைக் கட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில் உலகம் வால்வை விட்டுவிட்டு டிரான்சிஸ்டருக்குப் போய்விட்டது. 1959-ல் ஐ.பி.எம் தன்னுடைய 1401-ஐ அறிவித்தது. முழுக்க டிரான்சிஸ்டர். ஆயிரக்கணக்கில் விற்றது. இங்கே 1960-ல் வால்வு மெஷின் வேலைக்கு வருகிறது. இன்று என் நண்பன் வேண்டுமென்றே பழைய கம்ப்யூட்டர் செய்கிறான். டிஃப்ராக் யாரும் விரும்பாமலேயே பழசாகப் பிறந்தது. 1964-ல் அதே கழகம் அமெரிக்காவில் இருந்து சி.டி.சி 3600 என்ற பெரிய கம்ப்யூட்டரை வாங்கிவிட்டது. டிஃப்ராக் மொத்தமே சில வருடங்கள்தான் உழைத்தது. இரண்டாவதாக ஒரு டிஃப்ராக் யாரும் செய்யவில்லை.

எங்கள் ஊர்ச் சிலைக்கும் அதே கதைதான். உலோகம் ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க வேண்டும். அந்த அச்சில் இன்னொன்று வராது. ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று.

ஐந்து மார்க் கணக்குப்படி விடை ரொம்பச் சுலபம். வாங்கியிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒரு வரி இருக்கிறது.

அந்த மெஷினைச் செய்தவர்கள் எங்கே போனார்கள்? நரசிம்மன் 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய், படங்களைப் பார்த்து அடையாளம் காணும் இல்லியாக் 3 என்ற கம்ப்யூட்டர் திட்டத்தில் வேலை செய்தார். திரும்பி வந்தார். 1965-ல் இந்தியக் கம்ப்யூட்டர் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 1977-ல் பத்மஸ்ரீ. 2007-ல் காலமானார். அவரோடு டிஃப்ராக்கில் வேலை செய்த பி.வி.எஸ். ராவ், மனிதர் பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியில் இந்தியாவில் முன்னோடி ஆனார். பம்பாயில் மட்டும் இல்லை, கல்கத்தாவிலும் செய்கிற வழி நிற்கவில்லை. புள்ளியியல் கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர் 1966-ல் வந்தது. டிராம்பேயில் அணுசக்திக்காரர்கள் செய்த டி.டி.சி-12 1969-ல் வந்தது.

இவர்களெல்லாம் மெஷினை மட்டும் செய்யவில்லை. மெஷின் செய்யத் தெரிந்த ஆட்களையும் செய்தார்கள். காஸ்ட் ஷீட்டில் அதற்கு ஒரு காலம் கிடையாது. மெட்டீரியல், லேபர், ஓவர்ஹெட், அதோடு முடிந்தது. செய்யும்போது லேபரே மாறிப்போகிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் நானும் கற்றுக்கொள்வேன்.

இன்னொன்றும் தோன்றுகிறது. இது என் சொந்தக் கருத்து. 1964-ல் பெரிய கம்ப்யூட்டர் வாங்கியபோது, கழகத்தில் ஏற்கெனவே ஒன்றை நட்டு நட்டாகப் பூட்டிப் பார்த்த ஆட்கள் இருந்தார்கள். விற்பவர் சொல்வதில் எது விஷயம், எது வெறும் பேச்சு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கும்பகோணத்தில் பாத்திரக் கடைக்கு எங்கள் பாட்டி வந்தால் கடைக்காரர் கொஞ்சம் அடக்கமாகப் பேசுவார். அதுபோலத்தான்.

திரும்ப மெட்ராஸுக்கு

இந்தக் கதைக்கு இன்னொரு கிளை நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி-யில் பேராசிரியர் காமகோடியும் மாணவர்களும் சேர்ந்து சக்தி என்ற பிராசஸரை வடிவமைத்தார்கள். ரிஸ்க்-ஃபைவ் என்ற, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய அடிப்படை விதிகளின் மேல் கட்டியது. 2018-ல் அது சிப்பாகவே கைக்கு வந்தது. இப்போதும் கடையில் அதைவிட வேகமான சிப்கள் இருக்கின்றன. அப்படியும் ஏன் செய்தார்கள் என்று கேட்டால், டிஃப்ராக்குக்குச் சொன்ன பதிலேதான்.

சரி, கதையை முடிக்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது நேராக நண்பன் வீட்டு மாடிக்குத்தான் போனேன். டிஃப்ராக் பற்றிப் படித்ததை எல்லாம் சொன்னேன். 2,700 வால்வு என்றதும், "அப்ப தினமும் ஏதாவது ஒண்ணு போயிருக்குமேடா" என்றான். எனக்கு அது தோன்றவே இல்லை. படித்தவன் நான். செய்து பார்த்த அவனுக்குத்தான் முதலில் அந்தக் கவலை வருகிறது.

"அன்னைக்கு நஷ்டம்னு சொன்னேன்ல, அது தப்புடா" என்றேன். "விடுடா, நஷ்டம்தான். ஆனா அந்தக் கருகின சிப்பை மட்டும் இன்னும் தூக்கிப் போடல" என்று சிரித்தான்.

அதைவிட வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். என் தாத்தா பட்டறையில் மெழுகு வேலை பார்த்தவர். அப்பா ரைஸ் மில்லில் கணக்கு எழுதப் போய்விட்டார். நான் பி.காம். தாத்தாவின் மெழுகு வேலைக் கருவிகள் ஒரு மஞ்சள் பையில் பரணில் கிடக்கின்றன. மகன் அப்பாவுக்குப் பாடம் சொன்ன ஊர் என்று சுவாமிமலைக்குப் பெருமை. எங்கள் வீட்டில் தாத்தா அப்பாவுக்கும் சொல்லவில்லை, அப்பா எனக்கும் சொல்லவில்லை. இத்தனை வருடம் அந்தத் தெருவில் இருந்தும் நான் ஒரு தடவைகூட மெழுகைக் கையில் உருட்டிப் பார்த்ததில்லை. ஊரில் சிலை என்ன விலை என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஏன் அந்த விலை என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பையை இறக்கித் தரச் சொல்லி அப்பாவைக் கேட்டேன். "இப்ப எதுக்குடா அது?" என்றார். "சும்மா பார்க்கத்தாம்ப்பா" என்றேன். இறக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, எது எதற்கான கருவி என்று அவருக்கு ஞாபகம் இருந்தவரை சொன்னார். நாலு கருவிக்குச் சொன்னார். மற்றதுக்குப் பெயர் அவருக்கும் தெரியவில்லை.

செமஸ்டர் லீவில் நண்பனின் அப்பா வேலை செய்யும் பட்டறைக்குப் போய் அந்த மிச்சக் கருவிகளைக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது? யாராவது எதையாவது சொந்தமாகச் செய்து கருக்கியிருக்கிறீர்களா? எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.